நீலம் கொஞ்சம் தூக்கல்

எங்கள் ஆனையூர்த் தெருவில் எந்த வீட்டில் எப்போது இட்லிக்கு அரைப்பார்கள், யார் எந்நேரம் வெந்நீரில் குளிப்பார்கள், எந்த வீட்டுக்கு மச்சினன் வந்து ஏசியைப் போட்டுக்கொண்டு படுக்கப் போகிறான் என்பதையெல்லாம் அந்தந்த வீட்டுக்காரர்களுக்கு முன்பே தெரிந்து வைத்திருந்த ஒரே மனிதர் மூணு பல்பு அண்ணன்தான். இப்படி ஓர் ஆண்பிள்ளையை மதுரை அதற்கு முன்னால் கண்டதில்லை. இனிமேலும் காணப்போவதில்லை என்று எழுதிக் கொடுக்கவும் நான் தயார்.

அவர் ஒற்றரும் இல்லை, வம்பு பேசுகிறவரும் இல்லை. மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். என் மாவு மில்லுக்கு நேர் எதிரே அவர் கடை. எரிந்த மோட்டாரைக் கொண்டுபோய்ப் போட்டால், கருகிய கம்பியை உருவிவிட்டுப் புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் அடித்துக் கொடுப்பார். வார்னிஷ் வாசனை இல்லாத நாட்களில் அவர் பக்கத்தில் நிற்பதை நம்மால் கண்டுபிடிக்க முடியாது. அவ்வளவு ஒல்லி. ஏற்றிக் கட்டிய கைலி, சட்டைப் பையில் டெஸ்டர், கக்கத்தில் ஒரு பலகை. அந்தப் பலகையில் வரிசையாக மூன்று குண்டு பல்புகள். அதனால்தான் அந்தப் பெயர். பெற்றவர்கள் வேறு ஏதோ பெயர் வைத்திருப்பார்கள். ரேஷன் கார்டுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது.

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. அதனால் அவர் எனக்குச் சொன்ன விதத்திலேயே உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். டிரான்ஸ்பார்மரிலிருந்து தெருவுக்குக் கரண்ட் கொண்டுவருபவை மூன்று கம்பிகள். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பெயர். பெயரில்தான் நிறம், பார்த்தால் மூன்றும் ஒரே அழுக்கு. வீடுகள் இதில் ஏதாவது ஒன்றில் தொங்குகின்றன. ஒரு கம்பியில் அதிகம் பேர் தொங்கினால் அதில் வோல்டேஜ் இறங்கும். ஆள் குறைந்த கம்பியில் ஏறி நிற்கும். வீட்டு விளக்குக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை, கொஞ்சம் மங்கும். ஆனால் என் மில் மோட்டார் மூன்று கம்பியிலிருந்தும் ஒரே நேரத்தில் தின்கிற ஜீவன்.

"மாப்ள, மூணு பேரு சேந்து பீரோ தூக்குறாங்கன்னு வச்சுக்க. மூணு பேரும் குட்டையா, பரவாயில்ல. மூணு பேரும் நெட்டையா, பரவாயில்ல. ஒருத்தன் மட்டும் குட்டைன்னா பீரோ எங்கிட்டுச் சாயும்? அந்தப் பீரோதான் உன் மோட்டாரு."

"அப்ப மூணு கம்பியிலயும் வோல்டேஜ் கொறஞ்சா?"

"கொறஞ்சா கொறஞ்சிட்டுப் போகட்டும். ஒண்ணாக் கொறையணும். அதுதான் முக்கியம்."

அதற்கு ஒரு கணக்கும் வைத்திருந்தார். மூன்றையும் கூட்டு, மூன்றாகப் பங்கு போடு, அந்தப் பங்கிலிருந்து அதிகமாக விலகி நிற்பது எது என்று பார். நூற்றுக்கு இரண்டு விலகினாலே மோட்டாருக்கு உடம்பு சுட ஆரம்பித்துவிடுமாம். அதற்கு மேலே போனால் அவர் கடைக்கு வரவேண்டியதுதான்.

மூன்று கம்பியிலும் மூன்று பல்பை மாட்டிவிட்டு, எட்டி நின்று, ஒரு கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்துப் பார்ப்பார். பெண் பார்க்க வந்த மாமியார்கூட அப்படிப் பார்க்கமாட்டாள். "செவப்பு சோந்து கெடக்கு. மஞ்ச பரவாயில்ல. நீலம் கொஞ்சம் தூக்கல்" என்பார். அது பாதி நாள் சரியாக இருக்கும். மீதிப் பாதி நாள் பல்பின் மேல் ஒட்டடை இருக்கும்.

"அண்ணே, அதான் மீட்டர் இருக்குல்ல? வச்சுப் பாத்தா நம்பரே காட்டுமே" என்று ஒருமுறை கேட்டேன்.

"மீட்டரா? அது இந்த நிமிசம் எம்புட்டுன்னுதான் சொல்லும். சாயங்காலம் ஏழு மணிக்கு என்ன ஆகும்னு அதுக்குத் தெரியுமா? அத நாமதான் விசாரிச்சு வச்சுக்கணும்."

அந்த விசாரணைதான் பெரிய கூத்து. காலையில் தெருவில் நடந்தால் ஒவ்வொரு வாசலிலும் நின்று, "என்னத்தா, இன்னிக்கு இட்லியா சப்பாத்தியா?" என்பார். இட்லி என்றால் கிரைண்டர் ஓடும், சப்பாத்தி என்றால் ஓடாது. புதிதாகக் குடி வந்தவர்கள், பாவம், மனிதர் பசியோடு இருக்கிறார் போல என்று நினைத்துத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதையும் வேண்டாம் என்று சொல்லமாட்டார். சாப்பிட்டுக்கொண்டே, "ஒங்க பிரிட்ஜ் சின்னதா பெருசா?" என்று அடுத்த கேள்வியைப் போடுவார்.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பெரியவர்கள் எல்லாரும் மாப்பிள்ளைக்கு என்ன வேலை, எந்த ஊர் என்று கேட்கும்போது இவர் கையைத் தூக்கி, "கல்யாணத்துக்கப்புறம் பொண்ணும் மாப்ளையும் இங்கயா அங்கயா?" என்றார். "அங்கதான்" என்றார்கள். "அப்பச் சரி. சந்தோசம்" என்று எழுந்து வந்துவிட்டார். ஒரு ஏசி மிச்சம் என்ற சந்தோஷம் அது.

ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் தெருவில் தவறிப்போனார். வீட்டில் அழுகை. ஐஸ் பெட்டி வந்து இறங்கியது. மாலையோடு போன மூணு பல்பு அண்ணன், மாலையைப் போட்டுவிட்டு, கும்பிட்டுவிட்டு, மூத்த மகனின் தோளைத் தொட்டார். ஆறுதல் சொல்லப்போகிறார் என்று அந்தப் பையன் இவர் மேலேயே சாய்ந்துவிட்டான். இவர் அவன் காதில், "பெட்டிய எந்தக் கம்பியில மாட்டிருக்கீக?" என்றார். எழவு வீட்டில் அன்றைக்கு ஒரு நிமிடம் அழுகை நின்றது. ஆனாலும் பெட்டியை வேறு கம்பிக்கு மாற்றிவிட்டுத்தான் வெளியே வந்தார். "செத்தவரும் பாவம், அந்தக் கம்பியில கெடக்குற உசுரோட இருக்குறவனும் பாவம்ல மாப்ள" என்று எனக்கு விளக்கம் வேறு.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், மோட்டார் எரிந்தால்தான் அவருக்கு வருமானம். அவரோ எவன் மோட்டாரும் எரிந்துவிடக் கூடாது என்று தெருத் தெருவாக அலைந்தார். மதினி, அதாவது அவர் மனைவி, கடை வாசலில் நின்று எனக்குக் கேட்கும்படியாகவே பேசுவார். "ஒலகத்துலயே சீக்காளி வரக்கூடாதுன்னு கும்புடுற டாக்டர் எங்க வீட்டுலதான் இருக்காரு தம்பி. கடையில ஈயாடுது. இவரு ஊருக்கு இட்லியா தோசையான்னு கேட்டுட்டுத் திரியுறாரு."

"நான் கட்டுன காயிலு திரும்பி வந்தா எனக்கு அசிங்கம்டி" என்பார் அவர்.

ஒரு வருடம் என் மோட்டார் சித்திரையில் ஒருமுறை எரிந்தது. கட்டிக் கொடுத்தார். ஆடியில் கோயில் பொங்கலுக்குத் தெரு முழுக்கச் சீரியல் லைட்டையும் குழாய் ரேடியோவையும் ஒரே கம்பியில் இழுத்துக் கட்டிவிட்டார்கள். மறுபடியும் எரிந்தது. மறுபடியும் கட்டினார். அப்போது மோட்டாரின் வயிற்றுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டார்.

"மாப்ள, உள்ள தகடெல்லாம் வெந்துபோச்சு. இன்னொருக்க எரிஞ்சா நான் என்ன, எவன் கட்டுனாலும் நிக்காது. பாத்துக்க."

பார்த்துக்கொள்ள என்னிடம் என்ன இருக்கிறது? புது மோட்டார் வாங்க வழியில்லை. மில்லைப் பூட்டினால் எனக்கு ஒரு வேலை காத்திருந்தது. தல்லாகுளத்தில் ஓர் ஆபீஸ் வாசலில் வாட்ச்மேன் வேலை. என் மச்சான் பேசி வைத்திருந்தான். வருகிறவர் போகிறவரை எல்லாம் நிறுத்தி, யார் நீங்கள், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிற வேலை. எனக்கோ தெரிந்த ஆளிடமே நின்று பேச வராது. மாவு மில்லில் அந்தக் கஷ்டம் இல்லை. மோட்டார் போடுகிற சத்தத்தில் யாரும் நம்மைப் பேசச் சொல்லமாட்டார்கள். அந்தச் சத்தத்துக்குள்தான் நான் இத்தனை வருடம் நிம்மதியாக ஒளிந்திருந்தேன். வாட்ச்மேன் நாற்காலியை நினைத்தாலே எனக்கு வியர்த்தது.

தீபாவளி நெருங்கியது. எங்கள் பக்கத்தில் தீபாவளி என்றால் அதிரசம், முறுக்கு. அதிரசத்துக்குப் பச்சரிசியை ஊறவைத்து, துணியில் உலர்த்தி, ஈரம் முழுதாகப் போவதற்குள் அரைத்துவிட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்றால் மாவு புளித்துவிடும். அதனால் தீபாவளி வாரத்தில் சாயங்காலமானால் என் மில் வாசலில் தூக்குவாளிகள் வரிசை கட்டும். சரியாக அதே நேரத்தில்தான் தெருவில் எல்லா வீட்டிலும் எல்லாமும் ஓடும். என் மோட்டார் பிழைப்பதும் சாவதும் அந்த ஒரு வாரத்தில் இருந்தது. நல்ல நாளில் மில் நின்றுபோனால் அதற்கப்புறம் ஒருவரும் திரும்பி வரமாட்டார்கள்.

"நான் இருக்கேன் மாப்ள. இந்த வாரம் மூணு கம்பியும் தராசு மாதிரி நிக்கும்" என்றார் மூணு பல்பு அண்ணன். அவர் இருந்ததால்தான் நிலைமை மோசமானது.

ஏனென்று சொல்கிறேன். எங்கள் தெருவில் ஏசி வாங்கிய வீடுகளுக்கெல்லாம் மூன்று கம்பியும் வந்துவிட்டது. மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு திருகு சுவிட்ச் இருக்கும். அதைத் திருப்பினால் வீடு ஒரு கம்பியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிவிடும். அண்ணன் சாயங்காலம் பல்புகளைப் பார்த்துவிட்டு, காலையில் விசாரித்ததையும் மனதில் கூட்டிக் கழித்து, தெரு நடுவில் நின்று அறிவிப்பார்: "செவப்புல இருக்குறவுக ஒண்ணு ரெண்டு பேரு நீலத்துக்கு மாறிக்கங்கப்பா! நீலம் நல்லாருக்கு!"

அவர் ஒன்று இரண்டு பேர் என்று சொன்னது யார் காதிலும் விழாது. நீலம் நல்லாருக்கு என்பது மட்டும் விழும். டொக், டொக், டொக் என்று தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் சுவிட்ச் திருகுகிற சத்தம் கேட்கும். மொத்தத் தெருவும் நீலத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். நீலம் படுத்துவிடும். காலியான சிவப்பு எகிறும். என் மோட்டார், பல் வலி வந்த யானை மாதிரி உறுமும்.

"இப்பத்தானடா நல்லா இருந்துச்சு!" என்று அண்ணன் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். "செவப்பு! செவப்பு காலியா கெடக்கு!" என்று கத்துவார். டொக், டொக், டொக். தெரு சிவப்புக்குப் போகும். கல்யாணப் பந்தியில் பாயசம் எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கமே எல்லாரும் இலையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

பலசரக்குக் கடை சோணை, பேட்டரி ஸ்கூட்டர் வைத்திருப்பவன், கடையிலிருந்தே குரல் கொடுத்தான். "அண்ணே, ஒங்க வாயில என்னமோ இருக்குண்ணே. நீங்க நல்லாருக்குன்னு சொல்ற கம்பியெல்லாம் படுத்துருது. இன்னிமே நாங்க இருக்குற கம்பிய நல்லாருக்குன்னு சொல்லிறாதீக."

"நீ மொதல்ல அந்த வண்டி வயரப் புடுங்குடா. காலையில இருந்து பால் குடிக்குது."

அன்றைக்கு வரிசையில் ரோஸ்லின் டீச்சர் நின்றிருந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர், எங்கள் தெருதான். பணியாரத்துக்கு அரிசி கொண்டுவந்திருந்தார். நான் மோட்டார் சூட்டைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுப் பயந்து நிறுத்தியிருந்தேன். அதனால் தெருவே அமைதியாக இருந்தது. டீச்சர் அண்ணனைக் கூப்பிட்டார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நீங்க பார்த்துச் சொல்றதெல்லாம் சரியாத்தான் இருக்கு. சொன்ன உடனே தப்பாப் போயிருது."

"எப்படி டீச்சர்?"

"கிளாஸ்ல நான், ஃபேனுக்குக் கீழ உள்ள பெஞ்சுல ரெண்டு எடம் இருக்குன்னு சொன்னா மொத்தப் பிள்ளைகளும் அங்க போய் நசுங்கும். அதனால நான் சத்தமாச் சொல்றதே இல்ல. யாரு போகணுமோ அந்தப் பிள்ளை காதுல மட்டும் சொல்லுவேன்."

அண்ணன் பலகையைக் கீழே வைத்துவிட்டார். அவர் அதைக் கீழே வைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. தன் வாயால்தான் இவ்வளவும் என்று தெரிந்ததும் மனிதர் படியேறி மில்லுக்குள் நுழைந்தார். என் மோட்டாரை வந்து தொட்டுப் பார்த்தார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி. கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

மறுநாள் முழுக்க அறிவிப்பு இல்லை. தெரு தவித்துப்போய்விட்டது. "அண்ணே, எந்தக் கம்பிண்ணே?" என்று ஆளாளுக்குக் கடை வாசலில் வந்து நின்றார்கள். "எனக்குத் தெரியாது. போய்ச் சோலியப் பாருங்க" என்று திருப்பி அனுப்பினார். ஆனால் அதற்கடுத்த நாள் காலையிலிருந்து அவர் நடையில் ஒரு களவாணித்தனம் தெரிந்தது. வாசலில் நின்று சத்தம் போட்டுக் கேட்கிற மனிதர், ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய், கதவைச் சாத்திக்கொண்டு, குனிந்து பேசிவிட்டு வந்தார்.

என்ன பேசினார் என்பதைச் சோணை கடையில் எண்ணெய் வாங்கப் போனபோது தெரிந்துகொண்டேன். அவன் என் காதில் பெருமையாகச் சொன்னான். "யார்ட்டயும் சொல்லிராதீக. நம்ம மூணு பல்பு எனக்கு மட்டும் ஒரு ரகசியம் சொன்னாரு. இந்த வாரம் பூரா செவப்புதான் ராசாவாம். எம்மேல அவருக்கு ஒரு இது."

ஜெராக்ஸ் கடை ஈஸ்வரி அக்காவிடம் நீலம் என்று சொல்லியிருந்தார். அடுத்த வீட்டில் மஞ்சள். இப்படித் தெருவையே மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு வீட்டுக்கும் அவர்களுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் ஒன்றைக் கொடுத்துவிட்டார். கிரைண்டர், ஏசி, வெந்நீர், சோணையின் ஸ்கூட்டர் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துத்தான் பிரித்திருந்தார். டீச்சர் வீட்டுக்கும் போயிருக்கிறார். "டீச்சர், ஒங்களுக்கு மட்டும் ஒண்ணு சொல்றேன்" என்று ஆரம்பித்ததுமே டீச்சர், "சரிண்ணே, எனக்கு எந்தப் பொய்?" என்று கேட்டிருக்கிறார். "மஞ்ச டீச்சர்" என்று தலையைக் குனிந்துகொண்டாராம்.

"ஒவ்வொரு பொய்க்கும் ஒரு சூடம் பொருத்துறதா வேண்டிருக்கேன் மாப்ள. தீவாளி முடிஞ்சு பாரு, கோயிலே பொகமூட்டமாப் போகும்" என்றார் என்னிடம்.

அதற்குப் பிறகு மூன்று நாளும் மோட்டார் பூனைக்குட்டி மாதிரி ஓடியது. தொட்டால் இளஞ்சூடுதான். தூக்குவாளிகள் வந்தன, மாவாகப் போயின.

தீபாவளிக்கு முந்தின நாள். மத்தியானம் அண்ணன் மில்லுக்கு வந்தார். "மாப்ள, வீட்டுல தேய்க்காத துணி இருக்கா? இருந்தா அம்புட்டையும் மூட்டை கட்டிக் குடு" என்றார். காயில் துடைக்கப் பழந்துணி கேட்கிறார் போல என்று நினைத்தேன். "தீவாளிச் சட்டையும் இருந்தாக் குடு" என்றார். தீபாவளிச் சட்டையில் காயில் துடைப்பாரா? எனக்கு விளங்கவில்லை. ஆனால் ஒருவரிடம் ஏன் என்று கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. எல்லார் கையிலும் ஈர அரிசி. நான் கொஞ்சம் அரைத்துவிட்டு, மாவை அள்ள மோட்டாரை நிறுத்தியிருந்த நேரத்தில், வரிசைக்குள்ளேயே விபரீதம் முளைத்தது. சோணையும் ஈஸ்வரி அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தார்கள்.

"என்னக்கா, ஒங்க வீட்டு லைட்டு இன்னிக்கு எப்படி?" என்றான் சோணை.

"எங்களுக்கென்ன. நீலத்துல ஜோரா எரியுது."

"நீலமா? யாரு சொன்னா நீலம்னு?"

"ஏன், மூணு பல்பு அண்ணன்தான் சொன்னாரு. எனக்கு மட்டும்."

"ஒங்களுக்கு மட்டுமா? என்ட்ட செவப்புன்னுல சொன்னாரு!"

என் கையிலிருந்த முறம் நழுவியது. போச்சு, இப்போது இரண்டு பேரும் ஓடிப்போய்ச் சுவிட்சைத் திருகப் போகிறார்கள், பின்னாலேயே தெரு முழுக்க டொக், டொக் என்று கேட்கப் போகிறது, மோட்டார் போகும், நான் தல்லாகுளத்தில் நாற்காலி போட்டு உட்கார வேண்டியதுதான். கண்ணை மூடிக்கொண்டேன்.

சத்தமே வரவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால், சோணை ஈஸ்வரி அக்காவை இரக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தான். ஈஸ்வரி அக்கா சோணையை அதைவிட இரக்கத்தோடு பார்த்தார். பாவம், அக்காவை அண்ணன் நன்றாக ஏமாற்றியிருக்கிறார் என்று அவன் நினைத்தான். உண்மையைத் தனக்குத்தான் சொல்லியிருக்கிறார் என்று அக்கா நினைத்தார்.

"சரிக்கா, நீலத்துலயே இருங்க. நல்லதுதான்" என்றான் சோணை.

"நீயும் செவப்புலயே இருப்பா. மாத்திறாத" என்றார் அக்கா.

இரண்டு பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்ற ரோஸ்லின் டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். ஒருவரும் போய்ச் சுவிட்சைத் தொடவில்லை.

ஆனாலும் இடையில் இரண்டு மூன்று தடவை மோட்டார் சத்தம் லேசாகக் கோணியது. யார் வீட்டிலோ விருந்தாளி வந்திருக்க வேண்டும், அல்லது யாரோ முன்கூட்டியே வெந்நீர் போட்டிருக்க வேண்டும். கோணிய கொஞ்ச நேரத்தில் அதுவாகவே நேராகிவிடும். எப்படி நேராகிறது என்று எனக்குப் புரியவில்லை. கடைசித் தூக்குவாளி வரைக்கும் அரைத்து முடித்தேன். மோட்டாரைத் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடு.

கடையைச் சாத்திவிட்டு, மனைவி கொடுத்தனுப்பிய முறுக்குச் சம்படத்தோடு எதிரே அண்ணன் வீட்டுக்குப் போனேன். கடைக்குப் பின்னால்தான் வீடு. மதினி வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. உள்ள போய் அந்தக் கண்கொள்ளாக் காட்சியப் பாருங்க. எல்லாம் ஒங்க மோட்டாருக்காகத்தான்."

உள்ளே அனல். சுவரில் பலகை, அதில் மூன்று பல்பும் எரிந்துகொண்டிருந்தன. அதற்கு எதிரே மூணு பல்பு அண்ணன், சட்டை இல்லாமல், வேர்வை சொட்டச் சொட்ட, ஒரு பெரிய பழைய இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக்கொண்டிருந்தார். சூடானால் தானாக நிற்கிற இந்தக் காலத்துப் பெட்டி இல்லை. போட்டால் போட்டபடி கரண்ட்டைக் குடிக்கிற பழைய பெட்டி. கண் மட்டும் துணியில் இல்லை, பல்பில் இருந்தது. எந்தப் பல்பு கொஞ்சம் தூக்கலாக எரிகிறதோ, இடது கையால் சுவிட்சைத் திருகி, இஸ்திரிப் பெட்டியை அந்தக் கம்பிக்கு மாற்றுவார். அந்தக் கம்பியில் இந்தப் பெட்டி போய் ஒரு பாரமாக உட்காரும். மற்ற இரண்டோடு அது சமமாகும் வரைக்கும் தேய்ப்பார்.

அறை முழுக்க மடித்த துணி. சேலை, வேட்டி, போர்வை, தலையணை உறை எல்லாம் ஆகிவிட்டது. கைக்குட்டை ஆகிவிட்டது. கரித்துணிகூட மடிப்பு வைத்துத் தேய்த்து அடுக்கப்பட்டிருந்தது. என் வீட்டு மூட்டை முழுக்க ஒரு பக்கம். என் தீபாவளிச் சட்டை மேலாக, காலர் நிற்க நிற்க.

"முடிஞ்சுதா மாப்ள அரவை?"

"முடிஞ்சுதுண்ணே."

"அப்பாடா" என்று பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "நல்லவேளை. தேய்க்கத் துணி முடிஞ்சுபோச்சு. அடுத்து ஒங்க மதினி கட்டியிருக்குற சேலையத்தான் கேட்டிருப்பேன்."

வாசலிலிருந்து மதினி குரல் வந்தது. "ஊருக்கெல்லாம் பொய்யச் சொன்ன மனுசன் எனக்கு மட்டும் உண்மையச் சொல்லிட்டாரு தம்பி. ‘இன்னிக்கு ஏசி கெடையாது, ஃபேனப் போட்டா துணி பறக்கும், வெளிய போய் உக்காருடி’ன்னுட்டாரு."

நான் எப்படியாவது ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். சம்படத்தைத்தான் நீட்டினேன். அவர் ஒரு முறுக்கை எடுத்துக் கடித்து, கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார்.

அதற்குப் பிறகு தெருவுக்குப் பெரிய டிரான்ஸ்பார்மர் வந்தது. என் பழைய மோட்டார் இன்னும் இரண்டு தீபாவளியைப் பார்த்துவிட்டுத்தான் ஓய்ந்தது. அதற்குள் புது மோட்டார் வாங்குகிற அளவுக்கு மில் என்னை நிமிர்த்தி விட்டிருந்தது. தல்லாகுளத்து நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்து எல்லாரையும் யார் யார் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அண்ணனும் மதினியும் திருநகருக்கு மகள் வீட்டோடு போய்விட்டார்கள். மகள் இருக்கும் அந்தத் தெருவில் இப்போது எந்த வீட்டில் இட்லியா சப்பாத்தியா என்பது மொத்தப் பேருக்கும் தெரிந்திருக்கும்.

தீபாவளிக்கு முந்தின சாயங்காலம், மில்லில் கூட்டம் நெரிகிற நேரமாகப் பார்த்து, அவரிடமிருந்து போன் வரும். "மாப்ள, பேசாத. போன மோட்டார்கிட்ட வையி" என்பார். வைப்பேன். திருநகரில் இருந்துகொண்டு அந்த இரைச்சலில் என்னதான் கேட்பாரோ, சற்று நேரம் கழித்து, "நீலம் கொஞ்சம் தூக்கலா இருக்கே" என்பார்.

இருக்க முடியாது. புது டிரான்ஸ்பார்மர், புது மோட்டார், மூன்று கம்பியும் கச்சிதமாக நிற்கின்றன. ஆனால் அதை நான் அவரிடம் சொன்னதில்லை. மில்லுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பி, இஸ்திரிப் பெட்டியைப் போடச் சொல்லி மனைவியிடம் குரல் கொடுப்பேன். அந்த ஒரு நாளுக்காகவே வீட்டில் ஒரு சட்டையைத் தேய்க்காமல் எடுத்து வைத்திருக்கிறேன்.